வேலிக் கீரையும் போத்தற் குளிசையும்

உடம்புக்கு வேண்டிய இரும்பும் கல்சியமும் எதிலிருந்து கிடைக்கும் என்று இன்று எந்த வகுப்பிலேனும் வினாவிப் பாருங்கள். ‘குளிசையிலிருந்து’ என்னும் விடை தயக்கமின்றி வரும். அது பிழையான விடையன்று. ஆயினும் முதலில் வரவேண்டிய விடையுமன்று. கனியுப்பு என்ற நல்ல சொல்லொன்றை நம் பாடநூல்கள் நமக்குத் தந்துள்ளன. அச்சொல் பரீட்சைத் தாளில் இருக்கிறது. மருந்துக்கடைப் போத்தலின் மேல் ஒட்டிய தாளிலும் இருக்கிறது. அடுக்களைக்குள் மட்டும் அது இன்னும் புகவில்லை.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. முருங்கையிலையை உலர்த்திப் பொடித்துக் கப்சூலில் அடைத்து விலைக்கு விற்கிறார்கள். வேலியில் நின்றபோது ஆட்டுக்கு ஒடித்துப் போட்ட இலை, போத்தலுட் புகுந்ததும் அரும்பொருளாகிவிடுகிறது. வாங்குவோரை நான் பழிக்கவில்லை. இலையை நம்பாத மனம் போத்தலை நம்புவதற்குக் காரணம் ஒன்று இருத்தல் வேண்டும். அக்காரணத்தை மருத்துவ நூலில் தேடிப் பயனில்லை; அது நம்முடைய நாணத்திலும் மறதியிலும் கிடக்கிறது என்பதே நான் இங்கே சொல்ல விழைவது. தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்போர் சற்றுப் பொறுத்துப் படித்தல் வேண்டும்.

பரந்தனில் இருப்போர்க்குக் கனியுப்பின் இயல்பை விளக்க வேற்றூர் எடுத்துக்காட்டு வேண்டா. 1950களில் தொடங்கி, 1980களில் போரினால் நின்றுபோன இரசாயனத் தொழிற்சாலை நம்மூரின் பெயரை நாடெங்கும் பரப்பியது. ஆனையிறவு உப்பளத்து உப்பை நீரிற் கரைத்து, அக்கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தி, எரிசோடாவையும் குளோரினையும் அங்கே பிரித்தெடுத்தார்கள். சோற்றிற் சுவை தந்த அதே சோடியம் எரிசோடாவிலே தோலை எரிக்கும்; உப்பில் அடங்கிக் கிடந்த அதே குளோரின் வாயுவாக வெளிப்பட்டால் மூச்சை அடைக்கும். ஆகவே ஒரு மூலகத்தின் பெயரை மட்டும் சொல்லி ‘இதில் இது உண்டு’ என்பது பாதி உண்மைதான். எவ்வடிவில் உண்டு, எதனோடு சேர்ந்துண்டு, உடம்பு அதனை ஏற்குமா என்பவை எஞ்சிய பாதி. கீரையைப் புகழ்வோரும் குளிசையைப் புகழ்வோரும் இந்தப் பிற்பாதியை மறந்தே வாதிடுகின்றனர்.

தாவரம் எதுவும் இரும்பைப் படைப்பதில்லை. மண்ணில் நீரோடு கரைந்திருப்பதை வேர் உறிஞ்சுகிறது. இலை அதைத் தன் தொழிலுக்கென வைத்துக்கொள்கிறது. நாம் இலையை உண்கிறோம். இவ்வழியாக எவ்வளவு வருகிறது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையின்படி, 100 கிராம் முருங்கையிலையில் 300 மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட கல்சியமும், நான்கைந்து மில்லிகிராம் இரும்பும் உள்ளன. அகத்தியிலையில் கல்சியம் சுமார் 900. குரக்கனில் 360க்கு மேல். எள்ளில் ஆயிரத்துக்கும் மேல். பசுப்பாலிலோ 120 அளவில்தான். தீட்டிய வெள்ளரிசியில் அது பத்தையும் எட்டாது. எள்ளும் குரக்கனும் விளையும் நிலம் வன்னி; அகத்தியும் முருங்கையும் தடி ஊன்றினாலோ விதை போட்டாலோ எழும் மரங்கள். நம் தட்டில் நிரம்பிக் கிடப்பதோ வெள்ளரிசி. எள்ளை எடுத்துக்கொண்டால் இன்னொரு வேடிக்கை. எண்ணெயிற் கனியுப்பு இல்லை. செக்கில் ஆட்டியபின் அது முழுவதும் பிண்ணாக்கிலேயே தங்கும். எண்ணெயை நாம் வைத்துக்கொண்டு பிண்ணாக்கை மாட்டுக்குக் கொடுத்துவிட்டோம். எள்ளுப் பிண்ணாக்கைச் சர்க்கரையோடு இடித்துத் தின்ற பிள்ளைகள் ஒருகாலத்தில் இருந்தார்கள்.

ஆனால் அட்டவணை எண்கள் இலையில் இருப்பதைச் சொல்கின்றன. உடம்பிற் சேர்வதைச் சொல்வதில்லை. ஐரோப்பியர் போற்றும் ஸ்பினாச்சிற் கல்சியம் மிகுதி. எனினும் அதிலுள்ள ஒட்சாலிக்கமிலம் அக்கல்சியத்தைப் பற்றிக்கொள்வதால் இருபதில் ஒரு பங்களவே உடம்பிற் சேர்கிறது. இலையிலுள்ள இரும்பும் இறைச்சியிலுள்ள இரும்பைப் போல எளிதில் இரத்தத்தில் ஏறுவதில்லை. புளிப்புள்ள விற்றமின் சி உடனிருந்தால் அது நன்கு ஏறும். தேநீரின் துவர்ப்புச் சத்து உடனிருந்தால் தடைப்படும்.

இந்த இடத்தில் நம் அடுக்களை வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். முருங்கையிலையையோ முசுட்டையிலையையோ அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் இட்டு வறுத்து, அடுப்பால் இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விடுவார்கள். அடுப்பில் இருக்கும்போதே விட்டால் கைக்கும் என்று ஆச்சிமார் கண்டிப்பார்கள். அவர்கள் சுவைக்காகச் சொன்னது உடம்புக்கும் சரியாயிற்று. விற்றமின் சி சூட்டில் அழிவது. இறக்கியபின் விட்டாலே அது இரும்புக்குத் துணையாகும். நம் நாட்டுத் தாய்மார் சிகிச்சை நிலையங்களில் இரும்புக் குளிசையோடு விற்றமின் சி குளிசையும் சேர்த்தே வழங்கப்படுகிறது. குளிசையை எதனோடு விழுங்கவேண்டும் என்று மருத்துவ மாது சொல்வதும், வறையில் எப்போது புளி விடவேண்டும் என்று ஆச்சி சொன்னதும் ஒரே பாடத்தின் இரண்டு பிரதிகள். வைணவர் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்ந்து வருவதும் இத்தகையதே. அதை வகுத்தவர் இரசாயனம் கற்றவர் என்று நான் சொல்லமாட்டேன். பல தலைமுறை உண்டு பார்த்துக் கண்ட முறை அது என்றளவில் நிற்கிறேன்.

இந்த முறை இன்று எங்கே குலைகிறது எனின், வறையை உண்டு கைகழுவிய உடனே குடிக்கும் பிளேன்ரீயில் குலைகிறது. தேயிலை நாட்டவராகிய நமக்கு இதைச் சொல்வது கசப்புத்தான். தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால் நட்டம் ஒன்றும் இல்லை. அதுபோலவே கீரையை அவித்து நீரை வடித்துக் கொட்டுவோரும் உண்டு. கரையத்தக்க உப்புக்களிற் பெரும்பகுதி அந்நீரோடு போய்விடுகிறது. இலைக்கஞ்சியில் இந்த இழப்பு இல்லை. இலைச்சாறும் நீரும் அரிசியும் ஒன்றாகவே கலத்தில் வந்துசேர்கின்றன.

இவ்வளவு சொன்னதனால் குளிசையை எறிந்துவிடுங்கள் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. கருவுற்ற தாய்க்கு நாளொன்றுக்கு 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பு கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. முருங்கையிலை 100 கிராமில் உள்ளது நான்கைந்து மில்லிகிராம். அதிலும் சிறு பங்கே உடம்பிற் சேரும். குருதிச்சோகையால் வெளுத்துப்போன ஒரு பெண்ணிடம் குளிசையை நிறுத்திக் கீரையை உண் என்பவர், தமிழ் மரபின் பெயரால் அவளுக்குத் தீங்கு செய்கிறார். வெள்ளம் புகுந்த வீட்டில் முதலில் நீரை இறைக்கவேண்டும். கூரை மேய்வது அதன்பின். சிறுநீரக நோயுற்றோர்க்கும் கீரை எப்போதும் நன்மையன்று. இலைகளிற் பொற்றாசியம் மிகுதியாதலால் அவர்கள் வைத்தியரைக் கேட்டே உண்ணல் வேண்டும். வவுனியாப் பகுதியில் அந்நோய் பலரை வருத்துவதனால் இதனையும் இங்கே எழுதுகிறேன்.

அயடினைப் பற்றியும் நேர்மையாக ஒன்று சொல்லல் வேண்டும். நம் வேலிக் கீரைகளை நம்பி அயடினைப் பெற முடியாது. நிலத்தில் இருந்தாலன்றி இலையில் இராது. பல நிலங்களில் அது போதிய அளவு இல்லை. கழுத்துக் கழலையைத் தடுக்க 1995இல் இலங்கையில் உப்புக்கு அயடின் சேர்த்தல் கட்டாயமாக்கப்பட்டது. இங்கே வென்றது கூட்டிச் சேர்த்த கனியுப்பேயன்றி மூலிகையன்று. அச்சட்டத்துக்கு நாம் நன்றியுடையோராயிருத்தல் வேண்டும்.

இனி நாணத்துக்கு வருகிறேன். புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் குமணனிடம் தம் வறுமையைச் சொல்லும் 159ஆம் பாட்டில், குப்பையில் முளைத்த கீரையின் தளிரைக் கொய்து உப்புமின்றி அவித்து உண்ணும் மனைவியைக் காண்கிறோம். சிறுபாணாற்றுப்படையிலே கிணைமகள் குப்பையிலிருந்து பறித்த வேளைக்கீரையை உப்பின்றி அவித்து, புறங்கூறுவோர் கண்டுவிடுவரே என நாணி, வாயிலை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். மாணவர்க்கு இப்பகுதியை நாம் வறுமைக்கு எடுத்துக்காட்டாகக் கற்பிக்கிறோம். அது சரியே. ஆயினும் அந்த அடைத்த கதவை நான் வேறு நோக்கிலும் பார்ப்பதுண்டு. கீரை உண்பது பிறர் காணலாகாத செயல் என்ற எண்ணம் அன்றே இருந்திருக்கிறது. இரண்டிடத்தும் கலத்தில் இல்லாத பொருள் உப்பு. இருந்த பொருள் கீரை. புலவர் இரங்கியது உப்பின்மைக்கு. நாமோ கீரைக்கே இரங்கப் பழகிவிட்டோம்.

வன்னியில் இந்த நாணத்துக்கு அண்மைக்காலக் காரணமும் உண்டு. 1990 முதல் 2002 வரை கண்டி வீதி அடைபட்டு, மருந்தும் எரிபொருளும் சவர்க்காரமும் தடைப்பட்ட ஆண்டுகளில், வேலியும் வரம்பும் தந்தவற்றைக் கொண்டே பல குடும்பங்கள் பசியாறின. 2009இன் தொடக்க மாதங்களிற் கஞ்சியே உணவாயிருந்தது. அக்கஞ்சியை ஆண்டுதோறும் மே மாதத்தில் நாம் நினைவாகக் காய்ச்சி வழங்குகிறோம். அத்தகைய நாட்களைக் கண்ட தாய், தன் பிள்ளை கோதுமை மாவும் கோழியிறைச்சியும் உண்ணவேண்டும், சாரணையைப் பறித்து உண்ணலாகாது என எண்ணினால் அவளை யார் குறைகூற வல்லார்? இலைக்கறி அவளுக்குப் பசியின் மணத்தை நினைவூட்டுகிறது. சுகாதாரப் பிரசங்கம் செய்வோர் இதை அறியாமற் பேசுகின்றனர். ‘கீரை மலிவானது, ஆகையால் உண்ணுங்கள்’ என்னும் அவர்களுடைய வாசகமே அவள் கதவை மீண்டும் அடைக்கச் செய்கிறது. மலிவு என்பதைச் சொல்லாது விடுவதே நல்லது. சுவை என்று சொல்லுங்கள். தூதுவளைத் துவையலும் குறிஞ்சாச் சுண்டலும் பணமுள்ளவர் வீட்டிலும் விரும்பப்படுவன என்று சொல்லுங்கள்.

மற்றொரு பக்கத்தில், கீரைக்கு இல்லாத புகழைக் கட்டி ஏற்றுவோரும் உளர். பொன்னாங்காணி என்ற பெயரைப் ‘பொன் ஆம் காண் நீ’ எனப் பிரித்து, அதை உண்டால் மேனி பொன்னாகும் என்றும், அதிற் பொன்னே உண்டென்றும் சொல்வார்கள். சொல்லைப் பிரித்து மகிழ்வது எங்கள் தொழில். அத்தொழிலைக் கொண்டு இரசாயனப் பரிசோதனை செய்யலாகாது. சிலேடை செய்வதற்குப் பொன் வேண்டியதில்லை. அதிலுள்ள கல்சியமும் கண்ணுக்கு வேண்டிய மஞ்சட் சத்துமே அதற்குப் போதிய பெருமை. அதுபோலவே கரிசலாங்கண்ணியை வடலூர் இராமலிங்க அடிகள் தூதுவளையோடும் முசுமுசுக்கையோடும் சேர்த்துப் போற்றியது அனைவரும் அறிந்தது. அடிகள் அதை நாள்தோறும் கொள்ளும் ஒழுக்கமாகச் சொன்னார். இன்று விளம்பரம் எழுதுவோர் அதைப் பத்து நாளிற் பலன்தரும் மருந்தாக்கிவிட்டார்கள்.

நம் பழைய வைத்திய நூல்களைப் பற்றி எனக்கு மதிப்பு மிகுதி. யாழ்ப்பாணத்து அரசர் பெயரால் வழங்கும் செகராசசேகரமும் பரராசசேகரமும் இம்மண்ணின் இலைகளை அறிந்தோர் செய்தவை. பரராசசேகரத்தை அச்சேற்றிய ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளையின் உழைப்பை மருத்துவரினும் தமிழ் மாணவரே முதலிற் பாராட்டல் வேண்டும். ஆனால் இந்நூல்களை மதிப்பது வேறு, அவற்றிற் கல்சியக் கணக்கைத் தேடுவது வேறு. அவர்கள் வாத பித்த சிலேத்துமத்தால் அளந்தார்கள். நாம் மில்லிகிராமால் அளக்கிறோம். ஒன்றை மற்றொன்றாக மொழிபெயர்க்க முயல்வோர் இரண்டையும் கெடுக்கிறார்கள். மானிப்பாயில் இருந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, 1875இல் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூலையும் வெளிப்படுத்தினார். புதிய அறிவைப் புதிய அறிவாகவே, ஆனால் நம் மொழியிலே சொன்னார். அந்த வழியே எனக்கு உகந்ததாகப் படுகிறது.

இப்போது தமிழாசிரியனுடைய வேலைக்கு வருவோம். திண்ணைப் பள்ளியில் நிகண்டை நெட்டுருச் செய்த காலத்தில், மரப்பெயர்த் தொகுதியைப் பிள்ளைகள் ஒப்பித்தார்கள். மரத்தைக் கண்டார்களோ இல்லையோ, பெயர் வாயில் நின்றது. இன்று கையாந்தகரை வயல்வாய்க்கால் ஓரத்தில் நிற்க, அதனருகே நடந்துசெல்லும் மாணவனிடம் அதற்குப் பெயரில்லை, ‘புல்லு’ என்கிறான். பெயரில்லாத ஒன்றை எவரும் அடுக்களைக்குக் கொண்டுபோக மாட்டார். கடைக்குப் போய்க் கேட்கவும் பெயர் வேண்டும். போத்தலுக்குப் பெயர் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது, இலைக்கு இல்லை. போட்டியில் இலை தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயர் தெரியாமை வெறும் மறதியாக நில்லாது, ஆபத்துமாகும். கையாந்தகரையில் வெண்பூப் பூப்பதும் மஞ்சட்பூப் பூப்பதும் உண்டு. பின்னதைப் பொற்றலைக் கையாந்தகரை என்பர். அமெரிக்காவின் வெப்பநாடுகளிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு இலங்கையெங்கும் காடாய்ப் படரும் பூண்டொன்றும் மஞ்சட்பூவே பூக்கிறது. பூவின் நிறத்தை மட்டும் கண்டு பறிப்பவர் எதைப் பறிக்கிறார் என்பது அவருக்கே தெரியாது. களைநாசினி தெளித்த வரம்பிலும், வாகனப் புகை படியும் வீதியோரத்திலும் பறித்தலும் ஆகாது. வேர் நல்லதை மட்டும் தெரிந்தெடுக்கும் என்று நம்புவதற்கில்லை. மண்ணில் ஈயம் இருந்தால் அதுவும் இலைக்கு ஏறக்கூடும்.

முன்பு பரந்தன், குமரபுரம் வளவுகளிற் கிளுவையும் முருங்கையும் பூவரசும் உயிர்வேலியாக நின்றன. முசுட்டை தானாக ஏறிப் படர்ந்தது. முசுட்டை ஏறுகொடி, பற்றுக்கோடில்லாமல் வாழாது. மீள்குடியேற்றத்தின்பின் கம்பிவேலியும், வசதி வந்தபின் மதிலும் எழுந்தன. பாதுகாப்புக்கு அவை வேண்டியவைதாம். எனினும் பள்ளிக்கூட வளவின் ஒரு பக்கமேனும் உயிர்வேலியாக இருத்தல் கூடும். விஞ்ஞான ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரு பாடவேளையை அங்கே ஒன்றாக நடத்தலாம். அவர் இலையில் என்ன இருக்கிறது என்று சொல்லட்டும். நான் அதன் பெயரையும், அப்பெயர் வந்த பாட்டையும், அயலூரில் வழங்கும் மறுபெயரையும் சொல்வேன். இதற்குப் பணமோ சுற்றுநிருபமோ வேண்டியதில்லை. அதிபரின் இசைவு போதும். வாழையும் ரோசாவும் நட்டுப் பரிசு வாங்கும் பள்ளித் தோட்டங்களில் பிரண்டைக்கு ஒரு முழ இடம் கொடுப்பதால் அழகு குறைந்துவிடாது.

மாணவர் செய்யத்தக்க வேலை இன்னொன்று. வீட்டிலுள்ள அம்மம்மா, அப்பம்மாரிடம் அவர்கள் உண்ட இலைகளின் பெயரையும் சமைத்த முறையையும் கேட்டு எழுதுதல். இலையையும் உலர்த்தி ஒட்டி வைத்தல். போரிற் படங்களும் உறுதிகளும் அழிந்த வீடுகளில் இந்தப் பெயர்கள் மட்டும் அவர்கள் நாவில் எஞ்சியிருக்கின்றன. தீவகத்தார், வடமராட்சியார், மலையகத்திலிருந்து வந்தோர் எனப் பலரும் கலந்து வாழும் ஊர் நம்முடையது. ஒரே இலைக்கு மூன்று பெயர் கிடைப்பதும் உண்டு. அதைத் திருத்தவேண்டாம், மூன்றையும் எழுதிக்கொள்ளட்டும்.

இவ்வேலையில் எனக்கே தீராத ஐயம் ஒன்று எஞ்சியிருக்கிறது. நிலத்தோடு படர்ந்து, தடித்த இலையின் கக்கத்திலே சிறுபூ ஒட்டிப் பூக்கும் செடியைச் சாரணை என்கிறோம். அதனோடு சேர்ந்தே வளர்ந்து, நீண்ட காம்பின் நுனியிற் செந்நீலப் பூவைத் தூக்கிக் காட்டுவது மூக்கிரட்டை. எங்கள் பக்கத்தில் இரண்டையும் சாரணை என்றே அழைத்து ஒரே சட்டியிற் போடுவோரும் உளர். முல்லைத்தீவு, துணுக்காய், நெடுங்கேணிப் பகுதிகளில் இவ்விரண்டையும் பிரித்து வழங்கும் பெயர்கள் இருப்பின், அன்பர்கள் இலையின் படத்தோடு இவ்விதழுக்கு எழுதுவார்களாக.